கிடைத்ததற்காக

கம்பெனி கேட்டில் வைத்திருந்த நோட்டில் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் தாண்டி 'வந்த நோக்கம்' என்று ஒரு கட்டம் இருந்தது. தேவவரம் கொஞ்சமும் யோசிக்காமல் அதில் 'வேலையில் சேர' என்று எழுதிவிட்டார். மீசை நரைத்த செக்யூரிட்டிக்காரர் நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் படித்துவிட்டு, "சேரவா சார்? ஆர்டர் கையில வந்திருச்சா?" என்று கேட்டார். "இல்லைங்க, இன்டர்வியூதான்." "அப்ப அப்படிப் போடுங்க சார். நான் பாட்டுக்கு ஐடி கார்டு அடிக்கச் சொல்லிடப் போறேன்" என்று அவர் சிரிக்க, தேவவரமும் கூடச் சிரித்துவைத்தார். பேனா கையில்தான் இருந்தது. ஒரு கோடு இழுத்தால் போதும். ஆனால் எழுதியதை அடித்தால் அது அவிசுவாசம் ஆகிவிடுமே, வாசலிலேயே அவிசுவாசப்பட்டால் உள்ளே எப்படிக் கிடைக்கும் என்று ஒரு பயம் வந்து கையைப் பிடித்துக்கொண்டது. அடிக்காமலே உள்ளே வந்துவிட்டார். இருபத்திரண்டு வருஷம் ஒரு ஃபேக்டரியின் பெரிய சரக்கு ஸ்டோர்ஸையே கட்டி ஆண்ட மனுஷன், ஒரு கட்டத்தில் எழுதிய ரெண்டு வார்த்தைக்குப் பயப்படுகிறார். சிரிக்காதீர்கள். பதினோரு மாசம் வேலையில்லாமல் இருந்து பாருங்கள், அப்போது தெரியும்.

மாடியில் நடைபாதை ஓரமாக ஆறு ஸ்டீல் நாற்காலிகள். பத்தரைக்கு வரச் சொன்னார்கள், பத்துக்கே வந்தாயிற்று, இப்போது பதினொன்றே கால். அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்ப் செட் செய்கிற கம்பெனி. கீழேயிருந்து, மெஷின்களில் ஊற்றுகிற கட்டிங் ஆயில் வாடை லேசாக மேலே வந்துகொண்டிருந்தது. எத்தனை வருஷம் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த வாடை. லில்லி மூக்கைச் சுளித்துக்கொண்டே துவைப்பாள், இப்போது அந்த வாடை இல்லாத சட்டையைத் துவைக்கும்போது ஒன்றும் சொல்வதில்லை. பக்கத்து நாற்காலிகளில் மூன்று பேர், மூன்று பேருக்கும் சேர்த்து வயசு எழுபத்தஞ்சு தாண்டாது. ஒருவன் போனில் ஏதோ பார்த்துச் சிரிக்கிறான். எப்படிடா சிரிப்பு வருகிறது உனக்கு. வரும், வரும், ஏன் வராது, இது போனால் அவனுக்கு இன்னொன்று. தேவவரத்துக்கு மூன்று மாசத்தில் வந்த ஒரே அழைப்பு இது. ஷூவைப் பார்த்துக்கொண்டார். மகள் கெசியாவின் ஸ்கூல் ஷூ பாலிஷில் லில்லி தேய்த்துக் கொடுத்தது. முனையில் ஒரு விரிசல், அதன் மேலேயும் கறுப்பாக அப்பியிருந்தாள், தூரத்திலிருந்து தெரியாது. தூரத்திலிருந்து எதுதான் தெரிகிறது. காலை உள்ளே இழுத்துக்கொண்டார். உள்ளே இழுத்தால் பயந்தவன் மாதிரி இருக்கும் என்று திரும்ப வெளியே நீட்டினார். நிமிர்ந்து உட்கார். தோளை விரி. 'கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்' என்கிற அந்த பைபிள் வசனத்தைக் காலையில் பாத்ரூம் கண்ணாடி முன்னால் ஏழு தரம் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார். ஐந்தாவது தரம் சொல்லும்போது கண்ணாடியில் தெரிந்த ஆள் தலை மாதிரியும் இல்லை, வால் மாதிரியும் இல்லை, முகத்தில் பாதி சவரம் செய்த யாரோ ஒருத்தர் மாதிரி இருந்தார். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். கெட்ட யோசனை வந்தால் உடனே ஸ்தோத்திரம் சொல்லி விரட்டிவிட வேண்டும் என்று பிரதர் இஸ்ரவேல் சொல்லிக்கொடுத்திருந்தார். ஈ விரட்டுகிற மாதிரிதான். விரட்டினால் போகும், கையை இறக்கினால் அதே இடத்தில் வந்து உட்காரும்.

பிரதர் இஸ்ரவேலைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் நடத்துகிறவர். சபையில் மற்றவர்களெல்லாம் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனபோது, அவர் ஒருத்தர்தான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீடு தேடி வந்தார், தலையில் கை வைத்து ஜெபித்தார், ஜெபிக்கும்போது அவருக்கே கண்ணீர் வந்தது. வேஷம் போடுகிறவனுக்கு அப்படி வராது. "பிரதர், 'கிடைக்கும்'னு சொல்லாதீங்க. 'கிடைச்சிருச்சு'ன்னு சொல்லுங்க. கைக்கு வர்றதுக்கு முந்தியே வாங்கிட்டேன்னு நினைச்சு நன்றி சொல்றதுதான் விசுவாசம். கேட்டுக்கிட்டே இருக்கிறவன் சந்தேகப்படுறவன்." அந்தப் பேச்சு உள்ளே போய் என்னமோ செய்தது, அதை மறுக்க முடியாது. ஆறு மாசமாகக் கூனிப்போயிருந்த முதுகு அன்றைக்கு நிமிர்ந்தது. மறுநாள் பால் வாங்கப் போகும்போது தெருவில் நாலு பேர் முகத்தைப் பார்த்து நடந்தார். கிடைச்சிருச்சு. என்ன ருசியான வார்த்தை. வாய்க்குள் போட்டு ஒதுக்கிக்கொண்டே திரிந்தார். வீட்டில் 'கிடைக்கல' என்கிற வார்த்தைக்குத் தடை போட்டார். லில்லி கடைக்குப் போய்விட்டு வந்து, "தக்காளி கிடைக்கலைங்க" என்றதற்கு, "அந்த வார்த்தை இந்த வீட்டுல வேண்டாம்னு சொன்னேனா இல்லையா?" என்று சீறினார். கெசியா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "சரி டாடி, தக்காளி கிடைச்சிருச்சு. ஆனா ரசத்துல மட்டும் இருக்காது" என்றது. பதினாறு வயசு, வாய் அப்படி. லில்லி சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். அன்றைக்கு அவருக்கும் சிரிப்பு வந்தது. இப்போது நினைத்தால் வரவில்லை. அந்த ரசத்தை மூன்று பேரும் சத்தமில்லாமல் குடித்தது மட்டும் ஞாபகத்தில் நிற்கிறது.

நாற்காலிக்காரப் பையன்களில் ஒருவனைக் கூப்பிட்டுவிட்டார்கள். கதவு திறந்தபோது ஏசி காற்று வந்து முழங்காலில் பட்டது. மூன்றில் ஒன்று போச்சு. அவன் நல்லாச் சொல்லிவிடக் கூடாது என்று மனசு நினைத்தது, உடனே வெட்கப்பட்டது, உடனே ஸ்தோத்திரம் சொன்னது. சீட்டைத்தான் எழுதியிருக்கக் கூடாது. சும்மா வீட்டோடு சொல்லிக்கொண்டு திரிந்திருந்தால் வீட்டோடு போயிருக்கும். அவர்கள் சபையில் வாசலுக்கு உள்ளே ரெண்டு பெட்டிகள் உண்டு. வெள்ளைச் சீட்டு, ஜெப விண்ணப்பத்துக்கு. வேண்டியதைக் கேட்டு எழுதிப் போடுவது. மஞ்சள் சீட்டு, ஸ்தோத்திர விண்ணப்பத்துக்கு. கிடைத்ததற்கு நன்றி எழுதிப் போடுவது. ரெண்டையும் செக்ரட்டரி ஆராதனையில் மைக்கில் வாசிப்பார். ஆறு மாசம் வாரா வாரம் தேவவரத்தின் வெள்ளைச் சீட்டு வாசிக்கப்பட்டது: ஸ்டோர்ஸ் வேலையில் நீண்ட அனுபவமுள்ள சகோதரர் தேவவரம் அவர்களுக்கு நல்ல வேலை கிடைக்கும்படியாக. ஒவ்வொரு தரமும் பெஞ்சில் அரை அங்குலம் கீழே இறங்குவார். கிட்னி கல், கோர்ட்டு கேஸ், விசா, நடுவில் இவர். ஈஸ்டருக்கு ஒரு வாரம் முந்தி வருகிற குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள் மஞ்சள் சீட்டை எடுத்து, 'வேலை கிடைத்ததற்காக' என்று எழுதிப் போட்டுவிட்டார். லில்லியிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுத்திருப்பாள். அவள் கையில் குருத்தோலையை வைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் நின்றிருந்தாள், மைக்கில் பெயர் வந்ததும் அப்படியே திரும்பி அவரைப் பார்த்தாள். முகம் பூத்துப்போயிருந்தது. ஐயோ, அந்த முகம். அவள் நிஜமென்றே நினைத்துவிட்டாள். மத்தியானம் ஆச்சரியமாகச் சொல்லலாம் என்று வைத்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள். சபையெல்லாம் ஆமென் என்றது. வெளியே வந்தால் ஆளாளுக்குக் கைகொடுக்கிறார்கள். "எந்தக் கம்பெனி பிரதர்?" "ஆண்டவர் குடுத்த கம்பெனி" என்றார் இவர், அவர்கள் அதையும் ஒரு சந்தோஷப் பேச்சாக எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் ஆட்டோவில் லில்லி கேட்டாள், "என்னைக்குச் சேரணும்?" இவர் விசுவாசத்தைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். பாதி விளக்கத்திலேயே அவள் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள். ஓலை மடியில் கிடந்தது. அடுத்த வாரத்திலிருந்து தலைவலி என்று ஆராதனைக்கு வருவதை நிறுத்தினாள். பார்க்கிறவர்கள் எல்லாம் வாழ்த்துகிறார்களாம், அதற்கு முகம் கொடுக்க அவளால் முடியவில்லையாம்.

அதற்குப் பிறகுதான் எல்லாம் நின்றது. இங்கே ஆள் எடுக்கிறார்களாம், அங்கே கேட்டுப் பாருங்கள் என்று போன் செய்துகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஏன் செய்வார்கள், அவருக்குத்தான் வேலை கிடைத்துவிட்டதே. வெள்ளைச் சீட்டும் போட முடியாது, போட்டால் மஞ்சள் சீட்டு பொய் என்று ஆகும். மஞ்சள் சீட்டு பொய் என்றால் ஆண்டவருடைய பெயரில் மைக் வைத்துப் பொய் சொன்ன மாதிரி. இனி அவருக்கு வேலை வேண்டியது வயிற்றுக்கு மட்டுமில்லை. ஏற்கெனவே சொன்ன ஒன்று உண்மையாக வேண்டும், அதற்கு வேண்டியிருந்தது. இன்றைக்குக் கிடைத்துவிட்டால் போதும். நாலு மாசம் தாமதம், அவ்வளவுதானே, யார் தேதி பார்க்கப் போகிறார்கள். கிடைக்காவிட்டால்? அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் ஒரு லாரி ஞாபகத்துக்கு வருகிறது. பழைய கம்பெனியில், மாசக் கடைசி, பர்ச்சேஸ் மேனேஜர் வந்து கழுத்தைப் பிடித்தார்: பேரிங் லாரி ஸ்ரீபெரும்புதூர் தாண்டிவிட்டது, நீ வரவு போட்டுவிடு, கணக்கு முடிக்க வேண்டும். தேவவரம் மாட்டேன் என்றார். "லாரி வரட்டும் சார். கேட்டுக்குள்ள வந்து, இறக்கி, எண்ணி, பெட்டியைப் பிரிச்சுப் பார்த்த பிறகுதான் என் பேனா எழுதும். நான் எங்கேயும் ஓடிப் போயிட மாட்டேன்." மேனேஜர் ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த லாரி ஒன்பது நாள் கழித்து வந்தது, வேறு அளவு பேரிங்கை ஏற்றிக்கொண்டு. ஸ்டோர்ஸ் முழுக்க இந்தக் கதை பரவி, தேவவரம் சார் கையெழுத்துப் போட்டால் சரக்கு இருக்கு என்று அர்த்தம் என்றார்கள். அந்தக் கைதான் மஞ்சள் சீட்டில் சரக்கு வராமல் வரவு போட்டது. எந்த ரேக்கில் வைத்தாய்? எங்கே, காட்டு. ஆண்டவரே, லாரி எங்கே நிற்கிறது? ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். பக்கத்துப் பையன் திரும்பிப் பார்த்தான். சத்தமாகச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. இருமுகிற மாதிரி செய்து சமாளித்தார். பாத்ரூம் எந்தப் பக்கம் என்று பார்த்தார். பாத்ரூம் போனால் அந்த நேரம் பார்த்துக் கூப்பிடுவார்கள். போகாமல் உட்கார்ந்தால் உள்ளே போய் அவசரம் வரும். நாற்பத்தேழு வயசில் பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி கவலைப்பட வேண்டியிருக்கிறதே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"மிஸ்டர் தேவவரம்." உள்ளே ஒருத்தர்தான் இருந்தார். ஐம்பது தாண்டியவர், மேஜையில் இவருடைய பயோடேட்டா விரித்து வைத்திருந்தது. ஜெபரத்தினம், ஸ்டோர்ஸ் மேனேஜர் என்று பலகை சொன்னது. பெயரைப் படித்ததுமே, நம்ம கிறிஸ்தவ ஆள் என்று நெஞ்சு ஒரு தரம் துள்ளியது. அவர் சிரித்துக்கொண்டே, "உட்காருங்க. நீங்க நம்ம சபைதான? நான் ஏழு மணி ஆராதனைக்கு வர்றவன், நீங்க ஒன்பது மணி போல. ஆளைப் பார்த்ததில்லை, பேரு நல்லாத் தெரியும். தேவவரம்னு இந்தக் காலத்துல எத்தனை பேருக்கு வச்சிருக்காங்க?" என்றார். வந்துவிட்டது. லாரி வந்துவிட்டது, கேட்டில் ஹாரன் அடிக்கிறது! இவ்வளவு நாள் தாமதித்தது இந்த மனுஷன் முன்னால் கொண்டுவந்து உட்கார வைக்கத்தானா ஆண்டவரே. கண்ணில் தண்ணீர் முட்டியது. லில்லியிடம் எப்படிச் சொல்வது, போனில் சொல்லக் கூடாது, நேரே போய்ச் சொல்ல வேண்டும். "ஒண்ணு மட்டும் கேக்கணும்" என்றார் ஜெபரத்தினம். "குருத்தோலை ஞாயிறு அன்னைக்கு உங்களுக்கு வேலை கிடைச்சதா வாசிச்சாங்க. எங்க ஆராதனையிலயும் வாசிச்சாங்க. இதுல பதினோரு மாசமா வேலை இல்லைன்னு போட்டிருக்கீங்க. அந்த வேலை என்னாச்சு?"

கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று சொல்லலாம். எத்தனை கம்பெனி மூடுகிறார்கள், இவர் போய் விசாரிக்கவா போகிறார். சம்பளம் சரியில்லை, விட்டுவிட்டேன் என்றும் சொல்லலாம், அது இன்னும் கௌரவம். ரெண்டு பொய்யும் நாக்கின் நுனியில் வந்து, நான் முந்தி நீ முந்தி என்று நின்றன. ஒன்றைச் சொன்னால் போதும். மஞ்சள் சீட்டும் பிழைக்கும், முகமும் பிழைக்கும், இந்த வேலையும் பிழைத்துவிடும். மேஜை மேல் ஒரு பேரிங் பேப்பர் வெயிட்டாக இருந்தது. தேவவரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "கிடைக்கல சார்" என்றார். சொன்ன குரல் அவருக்கே புதுசாக இருந்தது. நாலு மாசமாக வாயில் வராத வார்த்தை. "கிடைக்காமலேதான் எழுதினேன். விசுவாசத்துல எழுதினேன்."

ஜெபரத்தினம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "எங்க பழைய ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் மார்ச் கடைசியில ரிட்டயர் ஆனார்" என்று மெதுவாக ஆரம்பித்தார். "உங்க பேரை வாரா வாரம் வாசிக்கக் கேட்டுக்கிட்டே இருந்தேன். ஸ்டோர்ஸ்ல அனுபவமுள்ளவர்னு வேற வாசிப்பாங்க. அன்னைக்கு ஆராதனை முடிஞ்சதும் செக்ரட்டரிகிட்ட உங்க நம்பர் வாங்கணும்னு அறிவிப்புத் தாள் பின்னாடி எழுதியே வச்சிருந்தேன். அப்பதான் மஞ்சச் சீட்டு வாசிச்சாங்க. சரி, கர்த்தர் முந்திக்கிட்டார்னு நானும் ஆமென் சொன்னேன்." தேவவரம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏப்ரல்ல வேற ஆளைப் போட்டாச்சு. இப்ப இருக்கிறது அவருக்குக் கீழ அசிஸ்டென்ட். முப்பது வயசுக்குள்ளன்னு மேலேர்ந்து கண்டிஷன். உண்மையைச் சொல்லணும்னா, உங்களைக் கூப்பிடச் சொன்னது நான்தான். அதே தேவவரம்தானா, என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. தப்பா எடுத்துக்காதீங்க பிரதர்." தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது. நல்ல மனுஷன். எல்லாரும் நல்ல மனுஷர்கள்தான். "திரும்ப வெள்ளைச் சீட்டு போடுங்க, நானும் ஜெபிச்சுக்கிறேன்" என்றார். தேவவரம் எழுந்து, பழக்க தோஷத்தில், "ஸ்தோத்திரம் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

படிக்கட்டில் இறங்குவதற்குள் ஒரே விஷயம் திரும்பத் திரும்பச் சுற்றியது. லாரி வந்திருந்தது. அன்றைக்கே, அதே ஞாயிற்றுக்கிழமை, கேட் வரைக்கும் வந்து நின்றிருந்தது. சரக்கு ஏற்கெனவே வந்துவிட்டது என்று இவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. இன்னும் ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் வெள்ளைச் சீட்டு போட்டிருந்தால். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இனி ஆயுசுக்கும் இதை நினைப்பார், ரசம் குடிக்கும்போது நினைப்பார், ஓலை பிடிக்கும்போது நினைப்பார். ஆண்டவர் கொடுக்கவில்லை என்று அழுதிருந்தால்கூட ஒரு ஆறுதல் இருந்திருக்கும். கொடுத்திருக்கிறார். அதுதான் தாங்க முடியவில்லை. ஸ்தோத்திரம் சொல்லி விரட்டப் பார்த்தார், இந்த ஈ போகிற ஈயாக இல்லை. கேட்டில் வெளியே போகும் நேரம் எழுத நோட்டை நீட்டினார்கள். நேரத்தை எழுதியவர், 'வேலையில் சேர' என்பதை அடித்துவிட்டு, மேலே பொடி எழுத்தில் 'வேலை கேட்க' என்று எழுதினார். "போறப்ப எதுக்கு சார் திருத்துறீங்க?" என்றார் செக்யூரிட்டி. "தப்பா எழுதிட்டேங்க" என்றார்.

பஸ் ஸ்டாப் வரை நடந்து வருவதற்குள் போன் அடித்தது. லில்லி. அவள் வேலை பார்க்கிற நர்சரி ஸ்கூலில் சாப்பாட்டு மணி நேரம், பின்னால் பிள்ளைகள் சத்தம். "என்னங்க ஆச்சு?" என்று கேட்டாள், கேட்டுவிட்டு அவளே, கிடைச்சிருச்சு என்கிற அந்தப் பழைய பதிலுக்குத் தயாராக 'சரி' சொல்ல மூச்சு இழுத்தது காதில் விழுந்தது. "கிடைக்கல லில்லி" என்றார். "அப்பாடா" என்றாள் அவள். அழுதுகொண்டிருந்தாள். "ஏய், கிடைக்கலைன்னு சொல்றேன்." "காதுல விழுந்துச்சு. இப்பவாவது சொன்னீங்களே. நாலு மாசமா உங்ககூடப் பேசவே முடியலைங்க." மூக்கை உறிஞ்சினாள். "எங்கிட்ட மட்டும் சொன்னா போதாது. ஆண்டவர்கிட்டயும் போய்ச் சொல்லுங்க. நாலு மாசமா நீங்க அவர்கிட்ட ஒண்ணுமே கேக்கல. நன்றி மட்டும்தான் சொல்லிட்டு இருக்கீங்க. கேக்காதவருக்கு அவர்தான் என்ன செய்வார்?" மணி அடித்தது, யு.கே.ஜி. பிள்ளைகளைக் கை கழுவ விட வேண்டும் என்று வைத்துவிட்டாள்.

ஜெபரத்தினம் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல முடியும் என்றும் தோன்றவில்லை. ஸ்டாப்பில் நிழல் இல்லை. இவரைத் தவிர, சாப்பாட்டுப் பை வைத்த ஒரு ஆள் மட்டும் நின்றிருந்தார். உச்சி வெயிலில் ஃபைலைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு, ஆண்டவரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று தேவவரம் வாயைத் திறந்தார். ஸ்தோத்திரம் என்றுதான் வந்தது. விழுங்கினார். இன்னொரு தரம் முயன்றார், அதற்கும் அதுவே வந்தது. எப்படிக் கேட்பது என்பதே மறந்துபோயிருந்தது. எத்தனை வருஷமாகக் கேட்டுப் பழகிய வாய். கேட்டால் கொடுப்பாரா என்று இப்போது தெரியாது, ஏற்கெனவே கொடுத்ததைத் திருப்பி அனுப்பியவனுக்குக் கொடுப்பாரா என்று சுத்தமாகத் தெரியாது. நிமிர்ந்து நிற்கவில்லை, தோளை விரிக்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் உரக்கவே, "ஒரு வேலை தாரும்" என்றார். பக்கத்தில் நின்றவர் தன்னிடம்தான் கேட்கிறார் என்று நினைத்து, இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ரெண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.